அலுமாரியில் ஒன்பது கிளாஸ்

ஒரு கிளாஸ் வாங்க மிஸ்ஸுக்கு இரண்டு மாதம் வேண்டும். முதல் மாதம் பார்ப்பதற்கு, இரண்டாம் மாதம் எடுப்பதற்கு. இடையில் அதை வேறு யாரும் வாங்கிவிடாமல் காப்பது என் பொறுப்பு.

நான் மாத்தளை டவுனில் ஒரு பீங்கான் கடையில் நின்ற காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், உக்குவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். தட்டு, கோப்பை, கல்யாணத்துக்குக் கொடுக்கிற டீ செட், இவைதான் எங்கள் கடையில் ஓடுகிற சாமான். காக்டெயில் கிளாஸ் வந்தது தவறிப்போய்த்தான். சீகிரியா பக்கம் ஒரு ஹோட்டல் கேட்டது என்று முதலாளி கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார். சாமான் வந்து சேர்வதற்குள் எங்கேயோ குண்டு வெடித்தது, வெள்ளைக்காரர் வருவது நின்றது, ஹோட்டல்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியெல்லாம் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டது.

ஒவ்வொரு பெட்டியும் ஒரு தினுசு. புனல் மாதிரி வாய் விரிந்தது, தட்டை மாதிரி அகன்று ஆழமில்லாதது, காம்பில் பச்சைக் கண்ணாடிக் கொடி சுற்றியது, விளிம்பில் பொன்கோடு போட்டது. மாத்தளையில் இதையெல்லாம் யார் வாங்குவார்கள்? குடிக்கிறவனுக்கு எந்தக் கிளாஸும் போதும். குடிக்காதவனுக்கு இந்தக் கிளாஸ் எதற்கு?

மிஸ் வாங்கினார். அவர் ஒரு சொட்டுக் குடிக்காதவர். வெள்ளிக்கிழமையில் மச்சமாமிசம்கூடச் சாப்பிடமாட்டார்.

யாழ்ப்பாணத்துக்காரர். காணிக் கந்தோர் என்கிற நில அலுவலகத்தில் டைப்பிஸ்ட். கல்யாணம் கட்டவில்லை. கஞ்சி போட்ட நூல் சேலை, கறுப்புக் குடை, கைப்பைக்குள் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல். சம்பளம் எடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வருவார். வந்தால் உட்காரமாட்டார்.

கிளாஸைக் கவுண்டரில் வைத்து, தன் போத்தல் தண்ணீரைப் பாதிவரைக்கும் ஊற்றுவார். பிறகு கடை வாசலுக்கு நடந்து போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பஸ், லொறி, பாக்கு மூட்டை ஏற்றின வண்டி எல்லாம் போகும். அப்புறம் சட்டென்று திரும்பி, படியேறி உள்ளே வந்துகொண்டே கிளாஸைப் பார்ப்பார். இப்படி நாலைந்து தரம். பார்க்கிற சனம் சிரிக்கும்.

“கிட்ட நிண்டு பாத்தா எல்லாமே வடிவுதான் பிள்ளை. வாசலால ஒரு ஆள் உள்ளுக்கு வரேக்க எப்பிடி நிக்குதெண்டுதான் பாக்கவேணும்.”

“யாரு மிஸ் வரப்போறது?”

“வருவினம்.”

ஒரே மாதிரி இரண்டு எடுக்கவே மாட்டார். சோடியாக வாங்கினால் விலை குறைத்துத் தரலாம் மிஸ் என்று நான் ஒருதரம் சொன்னேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ரெண்டு வைச்சால் புருசன் பெண்சாதி மாதிரி ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்கும். நான் ஒருத்தி அதுகளுக்கு முன்னால இருந்து முழிக்கிறதோ?”

பெட்டியில் ஆறு கிளாஸ் ஒரு செட். ஒன்றைப் பிரித்துக் கொடுத்தால் மிச்சம் ஐந்து. முதலாளிக்கு அதுதான் வயிற்றெரிச்சல். “ஏம்மா, இந்த அஞ்சை யாரு தலையில கட்டுவ? பஞ்சபாண்டவங்க மாத்தளைக்கு வந்தாத்தான் விக்கும்!” என்று மிஸ் இருக்கும்போதே சத்தம் போடுவார். மிஸ் அதையும் ரசித்துத் தலையாட்டுவார். “அப்ப திரௌபதைக்கு நான் எடுத்த ஆறாவது, முதலாளி.”

அவர் பார்த்துவிட்டுப் போன கிளாஸை நான் ஒரு டீ பொட் பெட்டிக்குள் ஒளித்து வைப்பேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, நான் லீவு எடுக்கிற அன்றைக்கு யாராவது அந்த டீ பொட்டை வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று நினைப்பு வரும். நினைப்பு வந்தால் உக்குவளையில் இறங்குகிறவரைக்கும் அதேதான். ஒருநாள் மனசு கேட்காமல் டீ பொட் பெட்டியில் ‘உடைந்தது’ என்று எழுதி ஒட்டினேன். முதலாளி உண்மையாகவே உடைந்ததென்று குப்பையில் போடப் பார்த்தார். ஓடிப் போய்ப் பிடுங்கினேன். மிஸ்ஸிடம் இதைச் சொன்னபோதுதான், “வாற போயாவுக்கு வீட்டை வா பிள்ளை,” என்றார். போயா என்றால் பௌர்ணமி; கடை, கந்தோர் எல்லாவற்றுக்கும் லீவு.

அலுவிகாரையில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் முன்பாதியை வாடகைக்கு எடுத்திருந்தார். ஒரு ஹோல், ஒரு அறை, குசினி. ஹோலில் வாசலுக்கு நேரே கண்ணாடி அலுமாரி. மற்ற வீடுகளில் அந்த அலுமாரிக்குள் பொம்மை, பிளாஸ்டிக் பூ, பிள்ளைகள் போட்டியில் வாங்கின கப் என்று அடைந்து கிடக்கும். இவருடையதில் கிளாஸ் மட்டும். நான் முதல் முதலாகப் போனபோது நாலு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையில் நல்ல இடைவெளி. பஸ் ஸீட்டில் முன்பின் தெரியாத ஆட்கள் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

வேலியில் படர்ந்த பாசன் புரூட்டைப் பிழிந்து, சீனி போட்டு, விளிம்பில் ஒரு தேசிக்காய்த் துண்டைக் கீறிச் செருகி, எனக்கென்று ஒரு கிளாஸில் கொண்டுவந்து தந்தார். மற்ற நாலையும் போல இல்லை அது. காம்பு கட்டை, அடி தடித்தது. தூக்கினால் கை கனக்கும்.

“இது எப்ப மிஸ் வாங்குனீங்க?”

“போன மாசம். நீதானே சுத்தித் தந்தனி. எதுக்கும் கை நடுங்கிற ஆளுக்கு அடி பாரமா இருக்கவேணும். இது விழாது. பயப்பிடாமல் குடி.”

எனக்காக யாரும் எதையும் அப்படி யோசித்து எடுத்ததில்லை. அவர் தனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொண்டார். உங்களுக்கென்று ஒரு கிளாஸ் எடுக்கவில்லையா என்று கேட்டேன். “நான் வீட்டுக்காரியெல்லோ. வாறவைக்குத்தான் கிளாஸ்,” என்றார்.

ஏன் இந்த மாதிரிக் கிளாஸ் என்று பிறகொரு போயாவில் கேட்டேன். இருபத்திரண்டு வயதில் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரக் கம்பனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாராம். துரை ஊருக்குப் போகிறார் என்று பார்ட்டி. வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவர் தட்டத்தில் கிளாஸ்களைக் கொண்டு வருகிறார். ஒன்றைப்போல ஒன்று இல்லை. மஞ்சள், சிவப்பு, ஒன்றுக்குள் ஒரு செர்ரிப் பழம். “எடுங்கோ மிஸ், இது வெறும் தோடம்பழச் சாறுதான்” என்று அந்த ஆள் தமிழிலேயே சொல்கிறார். அண்ணன் காதுக்குப் போய்விடும் என்று மிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

“குடிக்கேல்லையெண்டு கவலையில்லைப் பிள்ளை. எல்லாரும் ஆளுக்கொண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டவை. என்ர கை மட்டும் வெறுங்கை. ஒருத்தரும் என்னட்டை வந்து கதைக்கேல்லை.”

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் எழுந்து போய் அலுமாரியைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் தமிழ் வீடென்றால் வீட்டு ஆட்களின் பெயரைப் பொலிஸில் பதிந்து, அந்த லிஸ்டை வீட்டில் வைத்திருக்க வேண்டும். வெளியூரிலிருந்து யாராவது வந்து தங்கினால் அவர்கள் பெயரையும் போய்ப் பதிய வேண்டும். மிஸ்ஸின் லிஸ்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதில் ஒரே பெயர். யாழ்ப்பாணத்தில் இருந்த தங்கச்சி குடும்பம் சண்டையில் பாதை மூடினதிலிருந்து வந்ததில்லை. கடிதம் வந்தால் உண்டு.

ஒரு போயா அன்றைக்கு நான் இருக்கும்போதே செக்கிங் வந்தார்கள். ஒரு பொலிஸ்காரர், இரண்டு ஆமிப் பொடியன்கள். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு சுவரோடு நின்றேன். ஒரு பொடியன் லிஸ்டைப் பார்த்தான், அலுமாரியைப் பார்த்தான். அப்போது கிளாஸ் ஏழாகியிருந்தது.

“ஒரு ஆளுக்கு ஏழு கிளாஸா நோனா?” என்று சிங்களத்தில் கேட்டான்.

மிஸ் அதே சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார்: “ஒரு ஆளுக்கு ஒண்டுதான் மகன். மற்ற ஆக்கள் இன்னும் வரேல்லை.”

எனக்கு உயிரே போய்விட்டது. இப்படியா பதில் சொல்வது? யார் அந்த மற்ற ஆட்கள் என்று தோண்டிக் கேட்டால்? ஆனால் அந்தப் பொடியன் சிரித்துவிட்டான். போகும்போது துப்பாக்கி அலுமாரியில் தட்டாமல் ஒதுங்கிப் போனான்.

எனக்குச் சிரிக்க முடியவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் வவுனியாவிலிருந்து என் பெரியம்மா மகன் உக்குவளைக்கு வந்து எங்களோடு இரண்டு நாள் தங்கினார். நாளைக்குப் பதியலாம், நாளைக்குப் பதியலாம் என்று இருந்துவிட்டோம். செக்கிங்கில் பெயர் இல்லாத ஆளென்று தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். வந்தவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை, சோற்றை இடது கையால் சாப்பிட்டார். பதியாமல் விட்டது நாங்கள்தானே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் உட்காருவதற்குள் பெயரைப் பதிய நான் ஓடுவேன்.

மிஸ்ஸுக்குப் பென்சன் போகிற வருசம் வந்தது. எட்டாவது கிளாஸ், ஒன்பதாவது கிளாஸ் எல்லாம் அவசர அவசரமாக எடுத்தார். அவசரமென்றால் அவருக்கு மூன்று வாரம். ஒன்பதாவதைச் சுற்றிக் கொடுத்தபோது சொன்னார்: “முடிஞ்சுது பிள்ளை. இனி வாங்கிறேல்லை. வாற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு எல்லாரையும் வீட்டை கூப்பிட்டிருக்கிறன்.”

“யாரை மிஸ்?”

“கந்தோர் ஆக்களை. எட்டுப் பேர். ஒன்பதாவது நீ.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு கிளாஸும் ஒரு ஆளுக்கு. முதல் மாதம் கிளாஸைப் பார்த்துவிட்டுப் போய், அடுத்த சம்பளம் வரைக்கும் கந்தோரில் உட்கார்ந்து அந்த ஆளைப் பார்த்திருக்கிறார். சரியாக வந்தால்தான் எடுப்பார். சீஃப் கிளாக்கர் மாத்தயாவுக்கு வயிறு உருண்ட கிளாஸ். ரெக்கோட் ரூமில் இருக்கிற முஸ்லிம் நானா ஆறடி, அவருக்குக் காம்பு நீண்டது. பக்கத்து மேசை இரண்டு சிங்களப் பெண்களில் ஓயாமல் சிரிக்கிறவளுக்கு வாய் விரிந்தது, சிரிக்காதவளுக்குப் பச்சைக் கொடி. பொன்கோடு போட்டதுதான் இருந்ததிலேயே விலை. அது பியூனுக்கு.

“பியூனுக்கா மிஸ்?”

“ஒருத்தரும் அந்தாளுக்கு முதல்ல குடுக்கிறேல்லை. நான் குடுப்பன்.”

கந்தோரில் மாலை போட்டு, குத்துவிளக்கு கொடுத்து அனுப்புவார்களாம். அது அவருக்குப் போதவில்லை. “முப்பத்தொரு வருசம். அவையின்ர கலியாணம், பிள்ளைப்பேறு, செத்தவீடு எல்லாத்துக்கும் லீவுக் கடிதம் அடிச்சது நான். ஒவ்வொருத்தரும் சொல்லுவினம், ஒரு நாளைக்கு வாறம் மிஸ், ஒரு நாளைக்கு வாறம் மிஸ் எண்டு. ஒருத்தரும் என்ர படியில கால் வைக்கேல்லை. நான் போறதுக்கிடையில ஒருக்கா இந்த ஹோல் நிறைய ஆக்கள் நிக்கவேணும். கையில கையில கிளாஸோட நிக்கவேணும். பிறகு என்னவெண்டாலும் நடக்கட்டும்.”

என்னிடம் ஒரு தாள் தந்தார். குசினியில் நான்தான் சாறு ஊற்றித் தட்டத்தில் அடுக்க வேண்டும், கிளாஸ் மாறிப் போகக் கூடாது. அதனால் ஒரு பக்கம் பெயர், பக்கத்தில் கிளாஸின் அடையாளம். அழகாக டைப் அடித்திருந்தது. கடைசி வரியில் என் பெயர். ‘அடி கனமானது.’

தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நினைப்புப் பிடித்துக்கொண்டது. ஒரு தமிழ் வீடு. லிஸ்டில் ஒரே பெயர். உள்ளே எட்டொன்பது பேர். வெளியே செருப்பு எட்டொன்பது சோடி. அந்த நேரம் பார்த்து செக்கிங் வந்தால்? அந்தப் பொடியன் மாதிரி எல்லோரும் சிரிப்பார்களா? மிஸ்ஸை ஜீப்பில் ஏற்றினால்? இந்த வயதில்? நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டதால்தானே அன்றைக்கு அப்படி ஆனது?

மிஸ்ஸைக் கேட்டால் சிரிப்பார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பொலிஸுக்குப் போனேன்.

ஒரு வயதான சார்ஜன் இருந்தார். நல்ல மாதிரித்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை அலுவிகாரையில் ஒரு வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், பதியணும் சார் என்றேன். எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. நான் பெயரை வாசிக்க வாசிக்க அவர் எழுதினார். எல்லாம் அரசாங்கக் கந்தோர் ஆட்கள் என்றதும் பேனாவை நிறுத்தினார்.

“இவ்வளவு பேர் எதுக்கு அங்க கூடுறாங்க?”

“கிளாஸ்ல சாறு குடிக்க, சார்.”

“சாறு?”

“பாசன் புரூட் சார்.”

பக்கத்திலிருந்த பொலிஸ்காரர் சிரித்தார். சார்ஜன் சிரிக்கவில்லை. என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ யாரு? நீயும் போறியா?”

தாளில் எட்டுப் பெயரை வாசித்து முடித்திருந்தேன். ஒன்பதாவதின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. எப்போது அங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது.

“இல்ல சார். நான் கிளாஸ் விக்கிற கடையில வேலை செய்றேன். அவ்வளவுதான்.”

வெளியே வந்து வெயிலில் நின்றபோது நிம்மதியாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வருகிற நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே போய்விட்டேன். கட்லட் பொரித்தோம், வடை சுட்டோம். மிஸ் மாம்பழ நிறத்தில் பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். அதில் பூச்சி உருண்டை மணத்தது. மூன்றரைக்கு ஒன்பது கிளாஸையும் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். வாசலுக்குப் போய் நின்று திரும்பிப் பார்த்தார். ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மறுபடி போனார். நாலு மணிக்கு, “ஊத்து பிள்ளை,” என்றார்.

ஊற்றினேன். தேசிக்காய் செருகினேன்.

நாலரை ஆனது. ரோட்டில் தம்புள்ளை பஸ் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் மிஸ் முந்தானையைச் சரிசெய்தார். ஐந்தானது. பின்பாதி வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. சாறு கீழே தங்கி, மேலே தண்ணீர் தெளிந்துகொண்டு வந்தது. “கரண்டியால ஒருக்கா கலக்கிவிடு பிள்ளை,” என்றார். கலக்கினேன். எனக்கு அப்போது மிஸ்ஸின் மேல் பாவமாக இருந்ததே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

ஐந்தே காலுக்கு ரெக்கோட் ரூம் நானா வந்தார். வேலிப் படலைக்கு வெளியே நின்றுகொண்டார். கையில் துணி மூடின ஒரு பாத்திரம்.

“உள்ளுக்கு வாங்கோ நானா.” மிஸ் கிட்டத்தட்ட ஓடினார்.

“இல்ல மிஸ். வூட்டுல வட்டிலப்பம் செஞ்சாங்க, குடுத்துட்டுப் போவம்னு.” ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலை இறக்கினார். “வெள்ளிக்கிழம பொலிஸ்காரங்க நம்ம கந்தோருக்கு வந்தாங்க மிஸ். நீங்க பேங்குக்குப் போன நேரம். எங்கட பேர் அத்தனையும் லிஸ்டா வச்சிருக்கான். ஒவ்வொருத்தரா எந்திரிக்கச் சொல்லி, எதுக்குப் போறீங்க, என்ன கூட்டம்னு கேட்டான். மத்தவங்க பயந்துட்டாங்க. நானும் புள்ளகுட்டிக்காரன். மன்னிச்சுக்கங்க மிஸ்.”

“லிஸ்டோ? ஆர் குடுத்தது?”

“அது தெரியாது மிஸ்.”

பாத்திரத்தைப் படலைக்கு மேலாலே நீட்டினார். அந்த உயரமான மனுசன் குனிந்துகொண்டே போனார்.

மிஸ் வட்டிலப்பத்தை மேசையில், கிளாஸ்களுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார்.

“அந்தத் தாளைத் தா.”

கொடுத்தேன். “பதிஞ்சு வச்சா உங்களுக்கு நல்லதுன்னு நெனச்சேன் மிஸ். செக்கிங் வந்தா…”

“இரவு தங்கிற ஆக்களுக்கெல்லோ பதிவு.”

“பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு வேணாமா மிஸ்?”

மிஸ் தாளை மேலிருந்து கீழே வாசித்தார். தான் அடித்ததையே முதல்தரம் வாசிக்கிற மாதிரி.

“ஒன்பது பேரையும் சொன்னனியோ?”

பொய் சொல்லியிருக்கலாம். ஒன்பது என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு ஆறுதலாவது இருந்திருக்கும்.

“எட்டு, மிஸ்.”

தலையை ஆட்டினார். கோபம் இல்லை. கணக்குச் சரியாக வந்ததற்கு ஆட்டுகிற மாதிரி.

“அதுதான் நீ வந்திருக்கிறாய்,” என்றார்.

என்னுடைய கிளாஸை எடுத்துத் தந்தார். குடிக்கச் சொன்னார். குடித்தேன். மற்ற எட்டையும் ஜக்கில் திருப்பி ஊற்றி, பின்பாதி வீட்டுக்குக் கொடுத்தார்.

அடுத்த போயாவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். எட்டுக் கிளாஸையும் எடுத்து வெளியே வைத்திருந்தார். கடையில் சுற்றுகிற மாதிரி, பேப்பரும் வைக்கோலும் வைத்து, ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றச் சொன்னார்.

“எங்க மிஸ் கொண்டுபோறீங்க?”

“ஆக்கள் கிளாஸிட்டை வர ஏலாது. கிளாஸ் ஆக்களிட்டைப் போகலாந்தானே. அதுக்குப் பதிவு இல்லை.”

வேலையின் கடைசி எட்டு நாளில், நாளுக்கு ஒன்றாகக் கந்தோருக்குக் கொண்டுபோனார். காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், அவரவர் மேசையில் வைத்துவிட்டுத் தன் மெசினில் வந்து உட்கார்ந்துகொள்வாராம். பியூனுக்குத்தான் முதல். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்குப் பூராவும் தேத்தண்ணீர் போடாமல் உட்கார்ந்திருந்தாராம். சீஃப் கிளாக்கர் மாத்தயா கதவைச் சாத்திக்கொண்டாராம். சிரிக்கிறவள் அழுதாளாம். ஒருவருடைய மனைவி கிளாஸுக்குள் பல்லுக் குத்துகிற ஈர்க்குப் போட்டு வைத்திருப்பதை மிஸ் கேள்விப்பட்டு, “பாவம், அவளுக்கும் எங்கையாவது வைக்கத்தானே வேணும்,” என்று சிரித்தார்.

இதையெல்லாம் மிஸ் எனக்குச் சொன்னது அதற்கடுத்த போயாவில்; அதுதான் நான் அங்கே போன கடைசித் தரம். அலுமாரியில் என்னுடையது மட்டும் நின்றது. அதையும் சுற்றவா மிஸ் என்று கேட்டேன்.

“அது நிக்கட்டும். நீ வாற ஆளெல்லோ.”

பஸ் ஹோல்ட் வரைக்கும் கூட வந்து ஏற்றிவிட்டார். வாற போயாவுக்கு வருகிறேன் என்று சொல்லித்தான் ஏறினேன்.

வந்த போயாவுக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். உண்மையாகவே காய்ச்சல். அதற்கடுத்த போயாவில் அலுவிகாரை ரோட்டில் புதிதாக செக்போஸ்ட் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். எந்த வீட்டுக்குப் போகிறாய் என்று கேட்பார்களாம். அதற்கடுத்த போயாவுக்கு ஒரு காரணமும் இல்லை. வெளிக்கிட்டுச் சேலை உடுத்தி, மாத்தளை வரைக்கும் வந்து, அலுவிகாரை பஸ்ஸில் ஏறாமல் திரும்பிப் போனேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் போயிருப்பேன். அந்தக் கிளாஸைக் கையில் வாங்கத்தான் எனக்கு முடியவில்லை.

மிஸ் கடைக்கு வரவில்லை. வாங்குவதற்கு அவருக்கு ஒன்றுமில்லை. இப்போது அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. தங்கச்சியோடு கனடாவுக்குப் போய்விட்டார் என்று ஒரு பேச்சு, கொழும்பில் ஒரு மடத்தில் இருந்து காலமானார் என்று ஒரு பேச்சு.

ஆனால் அந்த வருசம் ஒருதரம், மழைக்குக் கொஞ்சம் முன்னால், ரெக்கோட் ரூம் நானா கடைக்கு வந்தார். கோப்பை பார்க்கிற மாதிரி கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

“மிஸ் ஒரு விசயம் கேட்டுவரச் சொன்னாங்க தங்கச்சி. வாற போயாவுக்கு வாறீங்களாண்டு. வராட்டியும் காரியமில்லையாம். ஆனா சொல்லி அனுப்பணுமாம். அப்பதான் கிளாஸைக் கழுவுறதா இல்லையாண்டு தெரியுமாம்.”

“வாறேன்னு சொல்லுங்க நானா,” என்றேன்.

“நிச்சயமா?”

“நிச்சயமா வாறேன்னு சொல்லுங்க.”

அந்தப் போயா அன்றைக்கு உக்குவளையில் வீட்டை விட்டு நான் அசையவில்லை. நாலு மணி ஆனது. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. அது ஆறிப்போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.